முதல் ஆட்டத்துக்கு ஃபைட்டர் போதும்
இந்திராநகரில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஆடுகிறோம், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது விசர்ட், அதாவது மந்திரவாதி பாத்திரம்தான். வேண்டாம். ஐந்தாம் பதிப்பில் 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு எண்களை வலிமை, அறிவு மாதிரி ஆறு திறன்களுக்குப் பிரித்துப் போடலாம். ஃபைட்டர், அதாவது சண்டை வீரனை எடுத்து 15-ஐ வலிமைக்கும் 14-ஐ உடலுறுதிக்கும் வைத்தால், வேறு போனஸ் சேர்க்காமலே முதல் லெவலில் 12 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்குவான் என்ற கணக்கு), உடலுறுதியில் அதே 14 உள்ள விசர்டுக்கு 8தான். செயின் மெயில் என்ற சங்கிலிக் கவசமும் கேடயமும் சேர்ந்தால் ஆர்மர் கிளாஸ் 18, இந்த எண் கூடக்கூட எதிரியின் அடி படுவது கடினம். நான் முதல் தடவை விசர்டாக, எந்த மந்திரம் போடலாம் என்று தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதே கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் இரண்டின் அம்பில் சுருண்டு விழுந்தேன், கையிலிருந்த காபிகூட ஆறவில்லை. சரி, ஆறு எண்களில் கடைசியான அந்த 8? அறிவுக்குத் தள்ளிவிடுங்கள், மக்கு வீரனாக நடிப்பது தனி ஜாலி.