கட்டற்ற மென்பொருள் குழுக்களில் நாம் செய்யும் மரியாதைக் குறைவுகள்

ஒரு கட்டற்ற மென்பொருளில் (அதாவது, நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருளில்) தமிழ்க் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் ‘க’வோடு சேராமல் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. நாளைக் காலையில் அச்சுக்குப் போக வேண்டிய வேலை. எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த வேகத்தில் அந்த மென்பொருளை உருவாக்கும் குழுவுக்குப் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்:

“தமிழ் சுத்தமாக வேலை செய்யவில்லை. இத்தனை வருடமாக என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? உடனே சரிசெய்யவும்!!!”

இதைப் படிக்கப்போகிறவர் பெரும்பாலும் பகலில் வேறு எங்கோ வேலை பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்காரும் ஒருவர். எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, எந்த இயங்குதளம் என்று எதுவுமே அவருக்கு இதிலிருந்து தெரியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “உபுண்டு 24.04. மென்பொருளின் பதிப்பு எண்ணும் எழுத்துருவின் பெயரும் கீழே. ‘கொடி’ என்ற ஒரே சொல் உள்ள கோப்பை இணைத்திருக்கிறேன். திரையில் சரியாகத் தெரிகிறது, பிடிஎஃப்பில் பிரிகிறது. வேறு எழுத்துருவில் இந்தச் சிக்கல் இல்லை.” இதில் ‘தயவுசெய்து’ என்ற சொல்கூட இல்லை. ஆனாலும் இது மரியாதையான கடிதம். படிப்பவர் அடுத்த நிமிடமே வேலையைத் தொடங்கலாம்.

மரியாதை என்றதும் நமக்குப் பணிவான சொற்கள்தான் நினைவுக்கு வருகின்றன. கட்டற்ற மென்பொருள் உலகில் அதற்கும் முன்னால் வருவது அடுத்தவருடைய நேரம். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இது பிடிபடாததால் வருபவை.

நெருக்குவது

“எப்போது முடியும்?” என்று வாரம் ஒரு முறை கேட்பது சாதாரண விஷயமாகத் தெரியலாம். கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் (XZ) என்ற கருவிக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டால் அப்படி நினைக்கத் தோன்றாது. கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் இயங்குதளங்களிலும் இருக்கும் அந்தக் கருவியைப் பல ஆண்டுகள் அநேகமாகத் தனியாகவே பராமரித்து வந்தவர் லாசே கோலின். 2022-இல் சில முகவரிகளிலிருந்து அவருக்குத் தொடர்ந்து நெருக்கடி வந்தது. பேட்ச்கள் (மற்றவர்கள் அனுப்பும் நிரல் திருத்தங்கள்) தேங்கிக் கிடக்கின்றன, பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்ற தோரணையில். இது சம்பளமில்லாமல் செய்யும் வேலை, தன் சூழ்நிலையும் சரியில்லை என்று அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். கடைசியில் உதவிக்கு வந்த ஜியா டான் என்ற பெயருக்குப் படிப்படியாக அதிகாரம் போனது. 2024-இல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு வைக்கப்பட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக உள்ளே நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததால்தான் அந்த மார்ச் மாதம் விஷயம் வெளியே வந்தது.

நெருக்கியவர்கள் போலி ஆட்கள் என்றே பலரும் நம்புகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது வேறு. அந்தக் கடிதங்கள் அன்றைக்கு யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. உண்மையான பயனர்களே தினமும் அப்படி எழுதிக்கொண்டிருந்ததால் கூட்டத்தோடு கூட்டமாக அவையும் கலந்துவிட்டன. அவசரம் என்றால் நீங்களே பேட்ச் எழுதலாம், தெரிந்தவருக்குப் பணம் கொடுத்து எழுதச் சொல்லலாம். இரண்டும் முடியாவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும்.

‘சார், எனக்கு அசைன் பண்ணுங்க’

இது குறிப்பாக நம் ஊர் மாணவர்களுக்கு. கல்லூரியில் பழகிய பழக்கத்தில் “ரெஸ்பெக்டட் சார்” என்று தொடங்குகிறோம். நல்ல எண்ணம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் பெண்ணாக இருக்கலாம். ‘சார்’ என்று வரும் ஒவ்வொரு முறையும், இந்த இடத்தில் ஓர் ஆணைத்தான் எதிர்பார்த்தார்கள் என்று அவருக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறோம். இங்கே பெயர் சொல்லி அழைப்பதுதான் வழக்கம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம், சரிசெய்ய வேண்டிய பிழைகளின் பட்டியலில் ஒன்றைப் பார்த்ததும் “எனக்கு ஒதுக்குங்கள்” என்று எழுதிவிட்டுக் காணாமல் போவது. அதைச் செய்ய நினைத்த இன்னொருவர் உங்கள் பெயரைப் பார்த்து ஒதுங்கிப் போய்விடுவார். முடியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. “என்னால் முடியவில்லை, வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம்” என்று ஒரு வரி போதும். முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு மௌனமாகிவிடுவது நம்மிடம் நிறையவே உண்டு.

2020 அக்டோபரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் 4 புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் என்பது ஏற்பாடு. ரீட்மி என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைக் கூட்டியும் குறைத்தும் ஆயிரக்கணக்கானோர் அனுப்ப, பராமரிப்பாளர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து அவற்றை நிராகரித்து மூடினார்கள். சில நாட்களிலேயே, விரும்பிச் சேரும் ரிப்போக்களுக்கு (ஒரு திட்டத்தின் நிரல் இருக்கும் களஞ்சியங்களுக்கு) மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. பழகிப் பார்க்க வேண்டுமா, உங்கள் கணக்கிலேயே ஒரு ரிப்போ திறந்து பழகுங்கள். ஏஐ எழுதிக் கொடுத்ததைத் தானே ஓட்டிக்கூடப் பார்க்காமல் அனுப்புவதும் இதே வகைதான். அனுப்ப ஒரு நிமிடம், அது பொய் என்று கண்டுபிடிக்க எதிராளிக்கு அரை நாள்.

அந்தப் பக்கத்துத் தவறுகள்

பராமரிப்பாளர் என்பதற்காக எப்படியும் பேசலாம் என்றும் இல்லை. என் முதல் பேட்சுக்கு இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. “இது குப்பை” என்ற ஒரே வரி. ஏன் என்று இல்லை. அடுத்த எட்டு மாதம் நான் எந்தக் குழுவுக்கும் எதையும் அனுப்பவில்லை. பின்னாளில் வேறொரு குழுவில் இன்னொருவர் என் பேட்சை மறுத்தார். “இந்தச் செயற்கூறு காலி உள்ளீடு வந்தால் உடைந்துவிடும், 42-ஆம் வரியைப் பாருங்கள். சோதனை ஒன்று சேர்த்து அனுப்பினால் மறுபடி பார்க்கிறேன்.” அதுவும் மறுப்புதான். அன்று ராத்திரியே திருத்தி அனுப்பினேன். முன்னவர் தீர்ப்பை மட்டும் சொன்னார், பின்னவர் நிரலில் எது தவறு என்று சொன்னார்.

திறமை இருந்தால் போதும், வாய் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நெடுநாள் நம்பியவர்கள் லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) எழுதும் ஆட்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கோபக் கடிதங்கள் அவ்வளவு பிரசித்தம். அவரே 2018 செப்டம்பர் 16 அன்று, தன் கடிதங்கள் பலரைக் காயப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் விலகியிருந்தார். கெர்னலின் 4.19 பதிப்பை அவருக்குப் பதிலாக கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் முடித்து வெளியிட்டார். அதே சமயத்தில் கெர்னலுக்குப் புதிய நடத்தை விதிகளும் வந்தன. அதற்காகத் தரம் கெட்ட நிரலை அங்கே ஏற்கத் தொடங்கிவிடவில்லை.

தமிழாக்கக் குழுக்களில் இன்னொரு தகராறு உண்டு. ‘கணினி’யா ‘கணனி’யா, ‘சொடுக்கு’ என்பதா ‘கிளிக்’ என்பதா. விவாதம் நடக்கட்டும். இலங்கையிலிருந்து எழுதுபவரின் சொல்லை ‘தப்புத் தமிழ்’ என்று தள்ளுவது மட்டும் கூடாது. அவர் ஊரில் அது அன்றாடச் சொல்.

விதியை ஒட்டிவைத்துவிட்டு மறந்துவிடுவது

புதிதாகத் திட்டம் தொடங்குகிறவர்கள் காண்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற நடத்தை விதிகளை எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். 2014-இல் கொரலைன் அடா எம்கி எழுதியது. லினக்ஸ் கெர்னல் ஏற்றதும் அதன் ஒரு பதிப்பைத்தான். திருத்திச் சொல்வது, எச்சரிப்பது, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்று படிப்படியாகப் போகும் வழி அதன் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கிறது.

அந்தக் கோப்பின் நடுவில், புகார் அனுப்பும் முகவரியை இங்கே எழுதவும் என்று சதுர அடைப்புக்குள் ஓர் இடம் இருக்கும். பல ரிப்போக்களில் அந்த அடைப்பு நிரப்பப்படாமல் அப்படியே கிடக்கிறது. ஒருவர் தன்னைக் கேவலமாகப் பேசியதை வெளியே சொல்லத் தயங்கித் தயங்கி அந்தப் பக்கத்தைத் திறக்கிறார். எழுத முகவரி இல்லை. உங்கள் திட்டத்தில் அந்தக் கோப்பு இருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள். இரண்டு பேருடைய முகவரியைத் தனித்தனியாகக் கொடுங்கள். புகார் அவர்களில் ஒருவரைப் பற்றியதாகவே இருந்தால் மற்றவருக்கு எழுத முடிய வேண்டும்.