தவிர்ப்புக் கற்றல் ஆய்வுகளில் பயத்தையும் நிம்மதியையும் குழப்பிக்கொள்ளும் தவறுகள்

இரண்டு அறைகள் கொண்ட பெட்டியில் எலி நிற்கிறது. எச்சரிக்கை ஒலி எழுந்த சில விநாடிகளில் தரைக்கம்பிகளில் மின்னதிர்ச்சி பாயும். அதற்குள் அடுத்த அறைக்குத் தாவிவிட்டால் ஒலியும் நிற்கும், அதிர்ச்சியும் வராது. இப்படி அதிர்ச்சியை முன்கூட்டியே விலக்கக் கற்பதுதான் தவிர்ப்புக் கற்றல். இதைப் பார்த்ததும் “அதிர்ச்சிக்குப் பயந்து எலி ஓடுகிறது” என்று எழுதிவிடுவதிலிருந்தே பிழைகள் தொடங்குகின்றன.

வராத அதிர்ச்சியையே வலுவூட்டலாக, அதாவது ஒரு செயலை மீண்டும் செய்யத் தூண்டும் விளைவாகக் கொள்வது முதல் பிழை. நிகழாத ஒன்று ஒரு செயலை எவ்வாறு வலுப்படுத்தும் என்ற கேள்விக்கு, உளவியலாளர் மௌரர் 1947இல் இருகாரணிக் கொள்கையை முன்வைத்தார்: முதலில் பாவ்லோவின் வழியில், அதாவது அதிர்ச்சியோடு சேர்ந்தே வருவதால், ஒலி பயத்தைத் தூண்டும் ஆற்றலைப் பெறுகிறது, பிறகு, தாவியதும் ஒலி அடங்கிப் பயம் தணிவதே அந்தச் செயலை வலுப்படுத்துகிறது. மறு ஆண்டில் நீல் மில்லர் வெளியிட்ட சோதனையில், வெள்ளை அறையில் அதிர்ச்சி பெற்ற எலிகள், அதிர்ச்சி நிறுத்தப்பட்ட பின்னரும் அங்கிருந்து வெளியேறுவதற்காகக் கதவைத் திறக்கும் சக்கரத்தைச் சுழற்றக் கற்றுக்கொண்டன.

இந்தக் கொள்கையை மட்டும் படித்துவிட்டு, தவிர்க்கும் விலங்கு எப்போதும் பயந்தே இருக்கிறது என்று முடிவுசெய்வதுதான் மிகப் பரவலான தவறு. என் பார்வையில் மிகப் பெரிய தவறும் அதுவே. 1953இல் சாலமனும் வின்னும் வெளியிட்ட ஆய்வில், கடும் அதிர்ச்சியால் பயிற்சி பெற்ற நாய்கள் தொடக்கத்தில் அலறித் துடித்தன. சில முறை அதிர்ச்சி பெற்ற பிறகு அவை ஒவ்வொரு முறையும் நேரத்தோடு தாவின. பயத்தின் வெளிப்படையான அறிகுறிகள் குறைந்தபோதும் தாவுவது ஓயவில்லை. கேமின், பிரைமர், பிளாக் ஆகியோர் 1963இல் பயத்தைத் தனியாகவே அளந்தனர். உணவுக்காக நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கும் எலிக்கு எச்சரிக்கை ஒலியைக் கேட்கச்செய்து, அழுத்துவது எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். தொடர்ச்சியாக 9 முறை தவிர்த்த எலிகளை விட 27 முறை தவிர்த்த எலிகளிடம் பயம் குறைவாக இருந்தது. ஆகவே, தவிர்ப்பு எண்ணிக்கையைப் பயத்தின் அளவாக அட்டவணையில் இடுவது சரியாகாது.

பயம் தணிந்த பிறகும் செயல் நிலைப்பதை விளக்கப் பாதுகாப்புக் குறிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதிர்ச்சி வராது என்று உணர்த்தும் குறி ஒலித்தால், தவிர்ப்புப் பயிற்சி பெற்ற நாய்கள் தாவும் வேகம் குறைவதை ரெஸ்கோர்லாவும் லொலார்டோவும் 1965இல் காட்டினர். அந்தக் குறி பயத்தை அடக்குகிறது. இன்னும் வியப்பானது, 2004இல் பழ ஈக்களில் கண்டது: அதிர்ச்சிக்கு முன் வந்த மணத்தை ஈக்கள் விலக்கின, அதிர்ச்சி முடிந்ததும் வந்த மணத்தையோ நாடின. நிம்மதி என்பது பயமின்மை மட்டுமன்று, தனக்கே உரிய ஈர்ப்பு உடையது என்று கருத இது வலுவான காரணம். தாவியவுடன் கேட்கும் ஒலியையோ மாறும் விளக்கையோ வெறும் பின்னணியாக எண்ணிப் பதிவுசெய்யாமல் விடுபவர் விளக்கத்தின் இந்தப் பாதியை இழந்துவிடுகிறார். அதற்காக எல்லாவற்றையும் நிம்மதியின் கணக்கில் எழுதுவதும் பொருந்தாது. எச்சரிக்கைக் குறி ஏதுமின்றி, அதிர்ச்சிகளின் எண்ணிக்கை குறைந்தாலே எலிகள் நெம்புகோலை அழுத்தக் கற்பதை 1966இல் ஹெர்ன்ஸ்டீனும் ஹைன்லைனும் காட்டியிருக்கிறார்கள்.

தவிர்க்கத் தவறும் எலியை மந்தமானது என்று ஒதுக்குவதும் பிழையே. பயம் மிகுந்த எலி உறைந்து நின்றுவிடும். உறைதல் அதன் இயல்பான தற்காப்பு, அது தாவுவதற்குத் தடையாகிறது. அதனால்தான், சரியாகத் தவிர்க்காத எலிகள் சிலவற்றில் பயத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் மையக் கருவைச் சேதப்படுத்தியபோது உறைதல் குறைந்து தவிர்ப்பு மேம்பட்டது. அதிர்ச்சி பெற்ற அறைக்கே திரும்பத் தாவவேண்டிய இருவழிப் பெட்டி, எப்போதும் பாதுகாப்பான ஒரே அறைக்குத் தாவும் ஒருவழிப் பெட்டியை விடக் கடினமாவதற்கும் இதில் பங்குண்டு. மருந்து கொடுத்த எலி நன்றாகத் தவிர்த்தால், நினைவாற்றல் கூடியதா, உறைதல் குறைந்ததா, வலியுணர்வு மாறியதா என்று பிரித்தறியும் கட்டுப்பாட்டுச் சோதனைகள் தேவை.

அதிர்ச்சியை நிறுத்திவிட்டால் தவிர்ப்பு தானே மறையும் என்று காத்திருப்பவர்கள், எலி ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே தாவிவிடுவதால், ஆபத்து நீங்கியதை அறியும் வாய்ப்பே அதற்குக் கிடைக்காததை மறந்துவிடுகிறார்கள். கதவை அடைத்து, ஒலிக்கும் வேளையில் அதை உள்ளேயே இருக்கச்செய்தால் தவிர்ப்பு விரைவில் ஓயும். ஆனால் தவிர்ப்பு ஓய்ந்த பின்னும் பயம் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், அந்த ஒலியைக் கேட்கும்போது எலி எவ்வளவு நேரம் உறைந்து நிற்கிறது என்பதையும் அளந்த பிறகே பயம் அழிந்தது என்று எழுதலாம்.