ஏரிக்கரைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

எங்கள் இயற்கைக் கழகத்துடன் பறவை பார்க்கச் சென்னை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு முதல் தடவை வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: விடியும்போதே வந்துவிடுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு நில்லுங்கள். இல்லையென்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான்.

பைனாகுலர் வாங்க அவசரம் வேண்டாம், இரவல் தருகிறோம். பிறகு வாங்கினால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். அதிகம் பெரிதாக்கிக் காட்டுவது கையில் ஆடும். வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை விலக்காமல் கருவியை உயர்த்துங்கள். இது கைவர எனக்கு மூன்று மாதம் ஆனது.

மடையான் என்ற குளத்துக் கொக்கில் தொடங்குங்கள். கரையோரம் மண்ணாங்கட்டி போலக் குந்தியிருக்கும். கிட்டே போனால் எங்கிருந்தோ வெள்ளைச் சிறகை விரித்துக்கொண்டு கிளம்பும். நாமக்கோழி என்ற கறுப்பு நீர்ப்பறவைக்கு நெற்றியில் வெள்ளை நாமம், குழப்பமே இல்லை. ஒன்றுபோலவே தெரியும் உள்ளான் என்ற கரைப்பறவைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், எனக்கே இன்னும் தலை சுற்றுகிறது.

பெயர், எண்ணிக்கை, நேரம் மூன்றையும் அங்கேயே குறியுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். ஓரிடத்தில் 15 நிமிடமாவது எண்ணி, ஈபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியலை ஏற்றினால் நீங்களும் சேர்த்தி. கூட்டை மட்டும் நெருங்கிப் படமெடுக்காதீர்கள். அங்கே நான் பொல்லாதவன்.