செயலி சர்வரை எட்டாதபோது நாம் செய்யும் தவறுகள்

மடிக்கணினியில் ஓடும் நம் சர்வரின் (தரவு தரும் நிரலின்) முகவரியை அதன் பிரவுசரில் தட்டினால் தரவு உடனே வருகிறது. அதே முகவரியைக் கைபேசியில் ஓடும் நம் செயலி அழைத்தால் ‘நெட்வொர்க் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்’ என்ற ஒற்றை வரிதான் கிடைக்கிறது. செயலி எழுதக் கற்பவர்கள் பலரும் தொடக்க நாட்களிலேயே இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். அப்போது பெரும்பாலோர், தேடிக் கிடைக்கும் தீர்வுகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்து பார்க்கத் தொடங்குகிறார்கள்: செயலியின் அனுமதிகளை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட்டில் ஒரு வரி சேர்ப்பது, வெளி அழைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அடியோடு அணைப்பது, சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்ச் சோதனையை நீக்குவது, கணினிக்குள் கைபேசிபோல் இயங்கும் எமுலேட்டரை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. ஏதோ ஒன்று பலித்துவிடுகிறது. எது பலித்தது என்று தெரியாததால் மற்ற மாற்றங்களும் நிரலில் அப்படியே தங்கி, சில மாதங்கள் கழித்து வேறு வடிவில் தொல்லை தருகின்றன. நான் பார்த்தவரையில் மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. செயலியிலிருந்து சர்வர் வரை உள்ள பாதையில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்ட பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

பிழைச்செய்தியை வாசிக்காமல் கடந்துபோவது

அறுந்த இடத்தைப் பெரும்பாலும் பிழைச்செய்தியே சொல்லிவிடுகிறது. செயலி எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவ் போன்ற கருவிகள் திரையில் காட்டும் பொதுவான வரியோடு நின்றுவிடாமல், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் லாக்கேட் என்ற பதிவுப் பகுதியைத் திறந்து அடியில் இருக்கும் உண்மையான காரணத்தைப் படிக்க வேண்டும். ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் நம் அழைப்பு ஏதோ ஒரு கருவி வரை போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அந்த போர்ட்டில் (கருவியின் எண்ணிட்ட வாசலில்) கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் எதுவும் அங்கே இல்லை என்று பொருள். ‘டைம் அவுட்’ என்றால் அழைப்புக்கு எந்த மறுமொழியும் வரவில்லை. வழியில் ஒரு ஃபயர்வால் அதை ஓசையின்றி விழுங்கியிருக்கலாம், அல்லது அந்த ஐபி முகவரியில் (வலையில் ஒரு கருவிக்குரிய எண்ணில்) இப்போது எந்தக் கருவியும் இல்லாதிருக்கலாம். ‘அன்னோன் ஹோஸ்ட்’ என்றால் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் கட்டத்திலேயே நின்றுவிட்டது. 400, 403, 500 போன்ற எண்கள் வந்தால் இணைப்பில் சிக்கலே இல்லை. சர்வர் பேசிவிட்டது, இனி பார்க்க வேண்டியது அதன் நிரலையும் நாம் அனுப்பிய அழைப்பையும்தான். இந்த நான்கையும் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ‘நெட் வேலை செய்யவில்லை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் தேடல் திசை தவறுகிறது.

லோக்கல்ஹோஸ்ட் யாருடைய வீடு

மிகுதியாக நேரம் தின்னும் தவறு, செயலியின் நிரலில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ அல்லது 127.0.0.1 என்று எழுதுவது. அந்த முகவரி எப்போதும் ‘இந்தக் கருவி’ என்பதையே குறிக்கும். கைபேசியில் ஓடும் செயலி அதை அழைத்தால், அது கைபேசிக்குள்ளேயே சர்வரைத் தேடுகிறது. சர்வர் இருப்பதோ மடிக்கணினியில். ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் தனக்கென ஒரு மெய்நிகர் ரவுட்டரின் பின்னால் தனிக் கருவியாகவே இயங்குகிறது. அதற்குள்ளிருந்து மடிக்கணினியின் 127.0.0.1-ஐ எட்டுவதற்கென்றே 10.0.2.2 என்ற முகவரி ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஜெனிமோஷன் எமுலேட்டரில் இது 10.0.3.2 ஆகும். ஆப்பிளின் ஐஓஎஸ் சிமுலேட்டர் மேக் கணினியின் நெட்வொர்க்கையே பகிர்ந்துகொள்வதால் அங்கே லோக்கல்ஹோஸ்ட் சரியாக வேலை செய்கிறது. ஐஓஎஸ்ஸில் ஓடியது ஆண்ட்ராய்டில் ஏன் ஓடவில்லை என்ற குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நிரலில் பிழை இருப்பதாக எண்ணிப் பாதி நாளை அதில் கழிப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

உண்மையான கைபேசியில் சோதிக்கும்போது 10.0.2.2 பயன்படாது. மடிக்கணினியின் உள்வலை முகவரியை, அதாவது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்ணைத் தர வேண்டும். இந்த எண்ணை ரவுட்டர் தற்காலிகமாகத்தான் வழங்குகிறது. நேற்று வேலை செய்த எண் இன்று மாறியிருக்கலாம். ஆகவே அதை நிரலின் பத்து இடங்களில் பதித்து வைப்பது அடுத்த தவறு. ஒரே அமைப்புக் கோப்பில் வைத்து, அங்கிருந்து எல்லா இடங்களுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு 5.0 முதல் இதைவிட எளிய வழியும் உண்டு. கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்பின் ‘ஏடிபி ரிவர்ஸ்’ கட்டளையை போர்ட் எண்ணோடு கொடுத்தால், கைபேசியின் அந்த போர்ட்டுக்கு வரும் அழைப்பு கேபிள் வழியாக மடிக்கணினிக்கு வந்துவிடும்; அதன்பின் கைபேசியிலும் லோக்கல்ஹோஸ்ட் என்றே எழுதலாம். ரியாக்ட் நேட்டிவில் நிரலைச் செயலிக்கு அனுப்பும் மெட்ரோ சர்வர் பயன்படுத்தும் 8081 போர்ட்டுக்கு இது வழக்கமான தீர்வு. கேபிளைப் பிடுங்கிவிட்டு மீண்டும் செருகினால் கட்டளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சர்வரின் பக்கத்தைப் பாராமல் விடுவது

முகவரி சரியாக இருந்தும் ‘ரெஃப்யூஸ்டு’ வந்தால், சர்வர் எந்த முகவரியில் காது கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பைத்தானில் சர்வர் எழுதப் பயன்படும் ஜாங்கோவின் ரன்சர்வர் கட்டளை, வேறு எதுவும் சொல்லாவிட்டால் 127.0.0.1-இன் 8000 போர்ட்டில் மட்டுமே கேட்கும். அதாவது அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புகளுக்கு மட்டுமே கதவைத் திறக்கும். 0.0.0.0:8000 என்று கொடுத்து ஓட்டினால்தான் வைஃபை வழியாக வரும் கைபேசிக்கும் பதில் தரும். அப்படிச் செய்த பிறகும் ஜாங்கோவில் 400 வந்தால், ‘அலவ்டு ஹோஸ்ட்ஸ்’ பட்டியலில் அந்த ஐபி முகவரியைச் சேர்க்கவில்லை என்று கொள்ளலாம். இது இணைப்புக் கோளாறு அன்று. ஆயினும் இணைப்புக் கோளாறாகவே நினைத்து ரவுட்டரை அணைத்துப் போடுகிறவர்கள் உண்டு.

‘டைம் அவுட்’ வந்தால் முதலில் ஃபயர்வாலைப் பார்க்கலாம். விண்டோஸ், வைஃபை இணைப்பைப் பொது நெட்வொர்க் என்று வகைப்படுத்தியிருந்தால் வெளியிலிருந்து வரும் அழைப்புகளைப் பொதுவாகத் தடுத்துவிடும். வீட்டு வைஃபையாக இருந்தால் அதைத் தனிப்பட்ட நெட்வொர்க்காக மாற்றி, குறிப்பிட்ட நிரலுக்கு மட்டும் அனுமதி தருவதே முறை. ஃபயர்வாலை முழுதாக அணைத்துவிட்டுப் பின்னர் மறந்துபோவது ஆபத்தானது. கல்லூரி வளாகம் போன்ற பொதுவான வைஃபையில் அந்த மடிக்கணினி பாதுகாப்பின்றிக் கிடக்கும். அத்தகைய இடங்களில் இன்னொரு தடையும் உண்டு. ஒரே வைஃபையில் இருந்தாலும் இணைந்துள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பல விடுதிகளும் அலுவலகங்களும் விருந்தினர் வலையில் தனிமைப்படுத்தல் வைத்திருக்கின்றன. இதை நம் நிரலால் மாற்ற முடியாது. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி மடிக்கணினியை அதில் இணைத்துக்கொள்வதோ, முன்பு சொன்ன கேபிள் வழியோ உதவும். தடை வலையில் இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி, கைபேசியின் பிரவுசரில் அதே முகவரியைத் தட்டிப் பார்ப்பது. அங்கே திறக்காவிட்டால் செயலியின் நிரலைத் தொடவே தேவையில்லை.

பாதுகாப்பைத் தளர்த்திச் சரிசெய்வது

பிரவுசரில் திறக்கிறது, செயலியில் மட்டும் திறக்கவில்லை என்றால் பாதுகாப்பு விதிகளை நினைக்க வேண்டும். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-ஐயோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு, மறையாக்கம் இல்லாத எச்டிடிபி அழைப்புகள் இயல்பாகவே தடுக்கப்படுகின்றன. ‘கிளியர்டெக்ஸ்ட்’ அனுமதிக்கப்படவில்லை என்ற செய்தி லாக்கில் தெளிவாக வரும். ஆப்பிள் இதே கட்டுப்பாட்டை 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் கொண்டுவந்தது. மேனிஃபெஸ்ட்டில் ஒரே வரியில் கிளியர்டெக்ஸ்ட்டை எல்லா முகவரிகளுக்கும் அனுமதித்துவிடுவதுதான் பரவலாகச் சொல்லப்படும் தீர்வு. அந்த வரி வெளியீட்டுப் பதிப்போடு பயனரின் கைபேசி வரை போய்விடுகிறது. அதற்குப் பதிலாக, நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் கோப்பில் 10.0.2.2 போன்ற உருவாக்க முகவரிகளுக்கு மட்டும் விலக்கு தந்து, அந்தக் கோப்பையும் உருவாக்கும்போது பயன்படும் டீபக் பதிப்புக்குள் மட்டும் வைத்தால் வேலையும் நடக்கும், பயனரும் காக்கப்படுவார்.

சான்றிதழில் நடக்கும் தவறு இதைவிடக் கடுமையானது. எச்டிடிபிஎஸ் அழைப்பில் நம்பிக்கைப் பிழை வந்ததும், எந்தச் சான்றிதழையும் ஏற்றுக்கொள் என்று ஒரு வகுப்பை (கிளாஸை) எழுதிச் சேர்த்துவிடுகிறார்கள். டார்ட் மொழியில் தவறான சான்றிதழுக்கான கால்பேக்கில் (அப்போது அழைக்கப்படும் செயற்கூறில்) ‘ட்ரூ’ என்று திருப்பி அனுப்புவதும் அதுவே. அதன்பின் வழியில் இருக்கும் எவரும் தன்னைச் சர்வராகக் காட்டிக்கொண்டு கடவுச்சொல்லைப் படித்துவிட முடியும். இத்தகைய நிரல் உள்ள செயலிகளைக் கூகுள் பிளே 2016 முதல் மறுத்தே வருகிறது. இந்தப் பிழைக்கு உண்மையான காரணம் பல நேரங்களில் சர்வரில் இருக்கிறது: தன் சான்றிதழை மட்டும் அனுப்பிவிட்டு, அதற்கும் கருவி முன்பே நம்பும் மூலச் சான்றிதழுக்கும் நடுவே உள்ள இடைச் சான்றிதழை அனுப்பாமல் விட்டிருப்பார்கள். மேசைக் கணினியின் பிரவுசர்கள் விடுபட்ட இடைச் சான்றிதழைத் தாமே தேடியோ, முன்பு சேமித்ததிலிருந்து எடுத்தோ சமாளித்துவிடுகின்றன. ஆண்ட்ராய்டு செயலி அப்படிச் செய்வதில்லை. முழுச் சங்கிலியையும் சர்வரில் நிறுவுவதே தீர்வு. பழைய கைபேசிகளில் மட்டும் பிழை வந்தால் வேறு காரணம் இருக்கலாம். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனத்தின் சொந்த மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய பதிப்புகள் அறியா. அவை நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. கைபேசியின் தேதி தவறாக இருந்தாலும் இதே பிழை வரும் என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அழைப்புகளைக் கண்காணிக்க, இடையில் நின்று அவற்றைக் கடத்தும் ப்ராக்ஸி கருவி வைப்பவர்கள் அதன் சான்றிதழைக் கைபேசியில் நிறுவிவிட்டு, பிரவுசரில் ஏற்கப்படுவது செயலியில் ஏன் ஏற்கப்படவில்லை என்று திகைக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 7 முதல் பயனர் சேர்த்த சான்றிதழ்களைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. அதே கான்ஃபிக் கோப்பில் டீபக் பதிப்புக்கு மட்டும் பொருந்தும் பகுதி ஒன்று உண்டு. அங்கே அனுமதித்தால் போதும்.

டீபக்கில் ஓடியதை நம்பி வெளியிடுவது

கூகுளின் செயலி உருவாக்கக் கருவியான ஃப்ளட்டரைப் பயன்படுத்துபவர்களை இந்தத் தவறு மிகுதியாகப் பாதிக்கிறது, என்னையும் இரண்டு நாள் அலைக்கழித்தது. ஃப்ளட்டர் உருவாக்கித் தரும் திட்டத்தில் இன்டர்நெட் அனுமதி, டீபக் மற்றும் (வேகத்தை அளக்கும்) ப்ரொஃபைல் மேனிஃபெஸ்ட்டுகளில் மட்டுமே இருக்கிறது. முதன்மை மேனிஃபெஸ்ட்டில் இல்லை. உருவாக்கும் காலம் முழுவதும் எல்லாம் சரியாக ஓடும். வெளியீட்டு ஏபிகேயை (செயலியின் நிறுவல் கோப்பை) நிறுவியதும் ஓர் அழைப்பும் போகாது. அப்போது வரும் செய்தி அனுமதி இல்லை என்று சொல்லாமல், ஹோஸ்ட் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்வதால், நான் டிஎன்எஸ் அமைப்பையும் டொமைன் பதிவையும் துருவிக்கொண்டிருந்தேன். முதன்மை மேனிஃபெஸ்ட்டில் ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது. இந்த அனுமதியைப் பயனரிடம் கேட்க வேண்டியதில்லை, நிறுவும்போதே கிடைத்துவிடும். அதனால்தான் அது இல்லாததை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வெளியீட்டுப் பதிப்பை வாரம் ஒரு முறையாவது உண்மையான கைபேசியில் நிறுவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஐஓஎஸ்ஸிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், உள்வலையில் உள்ள கருவியோடு பேசப் பயனரின் அனுமதி வேண்டும். சிமுலேட்டரில் இது தெரியாது. உண்மையான ஐஃபோனில் அந்தக் கேள்விக்கு அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டியிருந்தால், 192.168 முகவரிக்குப் போகும் அழைப்புகள் தொடர்ந்து தோற்கும். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மாற்ற வேண்டும்.

பில்டு நின்றுபோனால்

செயலி ஓடுவதற்கு முன்பே, ஆண்ட்ராய்டு செயலியைக் கட்டும் கருவியான கிரேடில் நூலகங்களை இறக்க முடியாமல் நிற்பதும் உண்டு. அலுவலக ப்ராக்ஸியை எப்போதோ அமைத்திருந்தால் அது பயனர் கோப்புறையில் உள்ள கிரேடில் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் தங்கியிருக்கும். வீட்டுக்கு வந்தபின் எதுவும் இறங்காது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் அமைப்பில் ப்ராக்ஸியை நீக்கினாலும் இந்தக் கோப்பையும் திறந்து பார்க்க வேண்டும். எச்டிடிபிக்கும் எச்டிடிபிஎஸ்ஸுக்கும் அங்கே தனித்தனி வரிகள் உண்டு என்பதால் ஒன்றை மட்டும் திருத்துவது போதாது. பழைய பாடங்களைப் பின்பற்றும் திட்டங்களில் ஜேசென்டர் என்ற நூலகக் களஞ்சியம் இன்னும் எழுதப்பட்டிருக்கும்; அதை மூடுவதாக அதை நடத்திய ஜேஃபிராக் நிறுவனம் 2021 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. அதை எடுத்துவிட்டு மேவன் சென்ட்ரலையும் கூகுள் களஞ்சியத்தையும் குறிப்பிட வேண்டும்.

நல்ல வைஃபையில் மட்டும் சோதிப்பது

இணைப்பு கிடைத்துவிட்டது என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். செயலியைப் பயன்படுத்தப் போகிறவரோ ஓடும் பேருந்தில், சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் இருக்கிறார். வைஃபை இணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து இணையம் இருப்பதாக முடிவுசெய்யும் நிரல், ரயில் நிலைய வைஃபையின் உள்நுழைவுப் பக்கத்தில் சிக்கிய பயனரைச் சுழலும் வட்டத்தின் முன் உட்காரவைத்துவிடும். ஆண்ட்ராய்டில் ‘வேலிடேட்டட்’ என்ற தகுதியைக் கேட்டால், இணையம் உண்மையில் எட்டப்பட்டதா என்பது தெரியும். அதையும் முழுதாக நம்பாமல் அழைப்பை அனுப்பி, தோல்வியை முறையாகக் கையாள்வதே சரி. காத்திருப்பு நேரத்தையும் நாமே தீர்மானிக்க வேண்டும்: ஓகேஎச்டிடிபி நூலகம் தானாகவே 10 விநாடி வைத்திருக்கிறது, ஆண்ட்ராய்டின் பழைய எச்டிடிபி யூஆர்எல் கனெக்ஷனில் இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது வரம்பே இல்லை. தோற்ற அழைப்பைத் திரும்ப அனுப்பும்போது, பணம் செலுத்துதல் போன்றவற்றில் முதல் அழைப்பு சர்வரில் நிறைவேறி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அத்தகைய ஒவ்வொரு செயலுக்கும் தனி அடையாள எண் சேர்த்து, திரும்ப அனுப்பும்போதும் அதையே அனுப்பி, அதே எண் திரும்ப வந்தால் சர்வர் முந்தைய பதிலையே தரும்படி செய்திருக்க வேண்டும்.

சர்வர் முகவரியை, பழைய வகையான ஐபிவி4 எண்ணாகவே நிரலில் எழுதி வெளியிடுவதையும் தவிர்க்க வேண்டும். புதிய வகையான ஐபிவி6 மட்டும் உள்ள வலையிலும் செயலி இயங்க வேண்டும் என்று ஆப்பிள் 2016 ஜூன் 1 முதல் வற்புறுத்துகிறது. மேக் கணினியின் இணையப் பகிர்வில் அத்தகைய சோதனை வலை ஒன்றை உருவாக்கும் வசதி இருக்கிறது. டொமைன் பெயரை வைத்து எழுதிய செயலி அதில் பெரும்பாலும் எந்த மாற்றமும் இன்றி ஓடிவிடும்.