சாப்பாட்டு நேரத்தில் எந்த ஆட்டம்?

கோத்தகிரிக் குளிரில் பரிமாறிய ரசம் சீக்கிரமே ஆறிவிடும். கணவர் கைப்பேசியில் பேட்டில்கிரவுண்ட்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடினால் மனைவிக்கு எரிச்சல் வருவது பெரும்பாலும் இதனால்தான். விளையாட்டின் மீது தனிப்பகை ஏதுமில்லை. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க முடியாது என்பது வீட்டில் பலருக்குத் தெரியாது. முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். உணவு வேளை நெருங்கும்போது 100 பேர் மோதும் எராங்கல் என்ற பெரிய களம் வேண்டாம். கடைசிவரை தாக்குப்பிடித்தால் அரை மணி நேரத்தை விழுங்கிவிடும். 52 பேர் ஆடும் லிவிக் என்ற சிறிய களத்தில் ஆட்டம் சுமார் 15 நிமிடத்தில் முடியும். குக்கரை அடுப்பில் ஏற்றும்போதே தொடங்குவது உத்தமம். வீட்டாரும் ‘அணைத்து வை’ என்று அதட்டாமல், ‘இன்னும் எத்தனை நிமிடம்?’ என்று கேட்கலாம். தோற்றுவிட்டு வருபவரிடம் உடனே ரேஷன் கடைப் பேச்சை எடுக்காதீர்கள்!