சொந்தக் கடை வருமானத்தை வரிப் படிவத்தில் காட்டுவது எப்படி?

மார்ச் மாதம் பிறந்தால் சிங்கப்பூர் தேக்காவில் கடை வைத்திருக்கும் தெரிந்தவர்கள் சிலர் பிஸ்கட் டின்னோடு என்னைத் தேடி வருவார்கள். உள்ளே வருடம் முழுக்கச் சேர்த்த ரசீதுகள் இருக்கும். தையற்கடை அக்கா ஒருவர் கொண்டுவந்த டின்னில் பாதி ரசீதுகளில் எழுத்தே இல்லை, மங்கி வெள்ளைத்தாளாகியிருந்தன. அதனால் முதல் வேலையை இன்றைக்கே தொடங்குங்கள்: ரசீது கைக்கு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எப்படியும் 5 வருடம் பத்திரப்படுத்த வேண்டியவை அவை.

தொழில்களைப் பதிவு செய்யும் அரசாங்க ஆணையமான ஏக்ராவில் உங்கள் ஒருவர் பெயரில் பதிந்த தொழில் என்றால், அதன் லாபம் உங்கள் சொந்த வருமானம். கம்பெனிக்குப் போல் தனி வரி கிடையாது. உங்கள் தனிநபர் படிவத்திலேயே, அதாவது ஃபார்ம் பி-யில், காட்ட வேண்டும். போன வருட வருமானத்தை இந்த வருடம் ஏப்ரல் 18-க்குள் இணையத்தில் சமர்ப்பிக்கலாம்.

படிவத்தைத் திறப்பதற்கு முன் கணக்கைத் தாளில் போட்டுவிடுங்கள். அக்காவின் கடையையே எடுத்துக்கொள்வோம். புரிவதற்காக எண்களை மாற்றியிருக்கிறேன்.

வருட வரவு 68,400 வெள்ளி (டாலர்). துணி, நூல், ஜிப் வாங்கியது 14,200. மிச்சம் 54,200 மொத்த லாபம். கடை வாடகை 15,600, மின்சாரமும் போனும் 2,400, ஆக 18,000. அதையும் கழித்தால் 36,200.

அக்கா கொண்டுவந்த தாளில் 12,200 என்று இருந்தது! மாதம் 2,000 வெள்ளி தமக்குச் சம்பளம் எடுத்ததாக எழுதி, 24,000-ஐயும் செலவில் சேர்த்துவிட்டார். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். முதலாளி தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் சம்பளம் செலவே ஆகாது. வீட்டுக்காகக் கடையிலிருந்து எடுத்த பணம் லாபத்திலிருந்து எடுத்ததுதான். வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அவருக்குக் கொடுத்த சம்பளமும் மத்திய சேமநிதி (மசேநி) சந்தாவும் செலவு, சரி. அபராதங்களைக் கழிக்க முடியாது. பதிவு எண் எஸ் எழுத்தில் தொடங்கும் சொந்தக் காரை வியாபாரத்துக்கே ஓட்டினாலும் அதன் பெட்ரோல், பார்க்கிங் காசையும் கழிக்க முடியாது.

1,200 வெள்ளிக்கு வாங்கிய ஓவர்லாக் மெஷின்? பல வருடம் உழைக்கும் பொருள் சாதாரணச் செலவில் வராது. அதைக் கேப்பிட்டல் அலவன்ஸ் என்று தனியாகக் கேட்க வேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத பொருளை ஒரே வருடத்தில் முழுசாகக் கழித்துக்கொள்ளலாம்.

இனி படிவம். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கொண்டு வரி ஆணையத்தின் மைடாக்ஸ் போர்ட்டலில் நுழைந்து, உங்கள் தொழில் வருமானப் பகுதிக்குப் போங்கள். வருட வரவு 200,000 வெள்ளிக்குள் இருந்தால் இரண்டே எண்கள் போதும்: ரெவென்யூ 68,400, அட்ஜஸ்டட் ப்ராஃபிட் 36,200. அதற்கு மேல் போனால் மொத்த லாபம், செலவு சேர்த்து நான்கு எண்கள். 500,000-ஐத் தொட்டால் கணக்கறிக்கையையும் அனுப்ப வேண்டும். மெஷினின் 1,200-ஐ அலவன்ஸுக்கான கட்டத்தில் போடுங்கள், லாபத்தில் முன்கூட்டியே கழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள். ரெவென்யூ கட்டத்தில் லாபத்தைப் போட்டுவிடுபவர்களும் உண்டு, அங்கே போக வேண்டியது செலவு எதுவும் கழிக்காத முழு வரவு.

36,200 என்றதும் அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மெஷின் போக 35,000. ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவருக்கான வருமானத் தளர்வு 1,000 போக 34,000. முதல் 20,000-க்கு வரி இல்லை, அடுத்த 10,000-க்கு 2 விழுக்காடு, மிச்சத்துக்கு 3.5 விழுக்காடு. மொத்தம் 340 வெள்ளி. மற்ற தளர்வுகள் இருந்தால் இன்னும் குறையும். இதற்குப் பயந்தா இத்தனை நாள் தூக்கம் கெட்டது என்றார்.

அப்புறம் மெடிசேவ், அதாவது மருத்துவச் செலவுக்கான மசேநி சேமிப்பு. தொழிலின் நிகர வருமானம் வருடத்துக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் சந்தா கட்ட வேண்டும். வரியிலிருந்து வேறான பணம் இது, இதற்கும் ஒதுக்கி வையுங்கள்.

வரிக் கணிப்பு அறிவிப்பு வந்ததும் எண்களை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். தவறு தெரிந்தால் 30 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள், வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் கழியும் கிரோவில் சேர்ந்தால் வட்டியில்லாமல் 12 மாதத் தவணை வரை கிடைக்கும். ஒவ்வொரு மாதமும் 6-ஆம் தேதி பணம் எடுப்பார்கள், அன்றைக்கு வங்கிக் கணக்கில் இருப்பு இருக்கட்டும்.