ஆட்டம் ஓடுகிறது, மானிட்டர் மட்டும் 'ஆஃப்லைன்' என்கிறதா?

உங்கள் கேம் சர்வரில் 20 பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். சர்வர் ஓடுகிறதா என்று வெளியிலிருந்து கண்காணிக்கும் கருவியான மானிட்டரோ சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். பாதுகாப்பு ப்ளகின் (சர்வரோடு சேர்க்கும் துணை மென்பொருள்) போட்ட கையோடு பெரும்பாலும் இப்படி ஆகும். மானிட்டர் ஆட வருவதில்லை. சில வினாடிகளுக்கு ஒருமுறை எட்டிப்பார்த்து, 'எத்தனை பேர் இருக்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டுப் போகிறது. சர்வரை முடக்க நினைப்பவனும் இதே கேள்வியைத்தான் மழைபோல் அனுப்புவான். காவலுக்கு நிற்கும் ப்ளகினுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சினில் ஓடும் கேம் சர்வரை வைத்துச் சொல்கிறேன். வழக்கமான போர்ட் (தகவல் வந்துபோகும் வாசல் எண்) 27015, அனுப்பும் முறை யூடிபி. ப்ளகினை உடனே நிறுத்திப் பார்க்காதீர்கள். விளக்கு பச்சையாகலாம், ஆனால் எந்த விதி தடுத்தது என்பது தெரியாமலே போய்விடும்.

படி 1: பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டு) எங்கே தொலைகிறது?

லினக்ஸ் சர்வரில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் (tcpdump) கருவியை ஓடவிட்டு, மானிட்டரின் ஐபி முகவரியையும் 27015 போர்ட்டையும் மட்டும் வடிகட்டிப் பாருங்கள். உள்ளே வரும் பாக்கெட்டை லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் (iptables) தடுப்பதற்கு முன்பே டிசிபிடம்ப் பார்த்துவிடும். அதனால் திரையில் ஒரு வரிகூட வரவில்லை என்றால், தடுப்பு உங்கள் மெஷினுக்கு வெளியே இருக்கிறது. ப்ளகினைக் குடைந்து பயனில்லை, ஹோஸ்டிங்காரரிடம் டிக்கெட் போடுங்கள். கேள்வி வருகிறது, பதில் போகவில்லை என்றால் ஆள் வீட்டுக்குள்ளேதான்.

படி 2: நீளத்தைப் பாருங்கள்

எனக்குப் பிடித்த இடம் இது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பாக்கெட்டின் நீளம் இருக்கும். 25 பைட் உள்ளே, 9 வெளியே, மறுபடி 25 உள்ளே என்றே போய்க்கொண்டிருந்தால், ப்ளகின் மேல் தப்பே இல்லை. 2020 டிசம்பரில் வால்வ் இந்தக் கேள்விக்கு ஒரு சரிபார்ப்பைச் சேர்த்தது. சர்வர் முதலில் 4 பைட் எண் ஒன்றை அனுப்பும். கேட்பவர் அதைச் சேர்த்து, 29 பைட்டாக மறுபடி கேட்க வேண்டும். பழைய மானிட்டருக்கு இது தெரியாது. அப்டேட் செய்தால் போதும்.

29 வந்தும் பதில் இல்லையா? இணையத்தில் காப்பி அடித்த பழைய ஃபயர்வால் விதி, 25 பைட் கேள்வியை மட்டும் உள்ளே விடுகிறதா என்று பாருங்கள்.

படி 3: எந்த விதி?

ஐபிடேபிள்ஸ் விதிகளின் பட்டியலை, ஒவ்வொன்றிலும் சிக்கிய பாக்கெட்டின் எண்ணிக்கையோடு காட்டச் சொல்லி, மானிட்டரை ஒருமுறை சோதிக்க விடுங்கள். எந்த 'டிராப்' (பாக்கெட்டைத் தூக்கி எறியும்) விதியின் எண் ஏறுகிறதோ, அதுதான் குற்றவாளி. எதுவும் ஏறவில்லை என்றால் ஆட்டத்துக்குள் இருக்கும் ப்ளகினைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், மானிட்டரின் ஐபிக்கு அனுமதி கொடுங்கள். அந்த விதி 'டிராப்' விதிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே சேர்த்துவிட்டு 'வேலை செய்யவில்லையே' என்று தலையைச் சொறிபவர்கள்தான் அதிகம்.

படி 4: அடிக்கடி கேட்காதீர்கள்

ஒரே ஐபி எத்தனை முறை கேட்கலாம் என்ற வரம்பு எஞ்சினுக்குள்ளேயும் உண்டு. 30 அல்லது 60 வினாடிக்கு ஒருமுறை கேட்டால் தாராளம். ஆர்கான் (RCON, சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதி) வழியாகப் பார்க்கும் கருவி என்றால், பாஸ்வேர்டை மாற்றியதும் அதிலும் மாற்றிவிடுங்கள். தவறான பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்பத் தட்டினால் சர்வரே அந்த ஐபியைத் தடை செய்துவிடும்.

மைன்கிராஃப்ட் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: சர்வரின் நிலையைச் சொல்லும் குவரி வசதி தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அது யூடிபி, ஃபயர்வாலில் ஆட்டத்துக்கான டிசிபி 25565 போர்ட்டை மட்டும் திறந்தால் போதாது.

சரி, மறுபடி டிசிபிடம்ப். 25, 9, 29, அடுத்து சர்வர் பெயரும் மேப்பும் அடங்கிய நீளமான பதில். இந்த நான்கு வரி வந்துவிட்டால் ஜன்னலை மூடலாம்.